சூடு குறையாத கொட்டகை

காலிச் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு மேபல் ஹெப்வொர்த் வீட்டு வாசலுக்கு வந்தபோது காலை பதினொரு மணி. விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவள். கிர்க்ஷா சுரங்கத்தின் வாசலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றும் ஒரு கூடை கரி கிடைக்கவில்லை. தரைக்கடியில் கரி மலை மலையாகக் கிடக்கிறதாம். மேலே கொண்டுவந்தால் ஏற்றிப்போக ரயில் இல்லையாம். சுரங்கத்துக்கு வரும் கிளைத் தண்டவாளத்தின் மேல் ஆள் உயரப் பனி. நாளைக்கு வா என்றார்கள். நேற்றும் அதையே சொன்னார்கள்.

அது 1947ஆம் வருஷத்து பிப்ரவரி. யார்க்ஷர் முழுக்க வெள்ளைத் துணி போர்த்திய பிணம் போலக் கிடந்தது.

மேபல் வீட்டுக்குள் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. பலகையை வாசலில் போட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தாள்.

நீளமான, தாழ்வான கொட்டகை அது. ஜன்னல் கிடையாது. பலகைச் சுவரில் ஊசி நுழையும் இடுக்கு இருந்தால்கூடத் தார் பூசி அடைத்துவிடுவார்கள். வயலில் இரண்டு வருஷம் பறிக்காமல் வளர்த்து, முதல் பனியில் நனையவிட்டுத் தோண்டியெடுத்த ரூபார்ப் என்னும் புளிப்புத் தண்டுச் செடியின் வேர்க்கட்டைகளை இந்த இருட்டுக்குள் தரையோடு தரையாக நெருக்கி அடுக்குவார்கள். தரைக்கடியில் செங்கல் புகைக்கால் ஓடும். கரியைப் போட்டு எரித்தால் தரை சுடும். வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்து வேர்க்கட்டைகள் முளைவிடும். வெளிச்சத்தைத் தேடித் தேடி, தம்மிடம் இருக்கும் சத்தையெல்லாம் கொட்டி, ரத்தச் சிவப்பில் முழ நீளத் தண்டுகளை நீட்டும். பறித்து முடித்ததும் வேர்க்கட்டை செத்துவிடும். அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அந்தத் தண்டுக்காக லண்டனில் சர்க்கரை ரேஷனைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஜனங்கள் காத்திருந்தார்கள்.

கடைசிக் கரி முந்தின நாள் மாலை எரிந்து முடிந்தது. இந்நேரம் உள்ளே எல்லாம் கருகிக் கூழாகியிருக்கும். இந்த வருஷமும் வழக்கம்போலப் பெட்டிகள் லண்டனுக்குப் போகாவிட்டால் ஏப்ரலில் நிலத்தையும் வீட்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பண்ணைக்காரரின் ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நெஞ்சுச் சளியோடு படுத்திருக்கும் புருஷன் வில்ஃபையும் ஏழு வயது மகள் எனிட்டையும் கூட்டிக்கொண்டு இந்தப் பனியில் எங்கே போவது?

அடுப்புக்குழியில் கையை விட்டுப் பார்த்தாள். சாம்பல் ஜில்லென்று இருந்தது.

கதவைத் திறந்தாள்.

முகத்தில் வந்து மோதியது வெதுவெதுப்பான காற்று.

மேபல் அப்படியே நின்றாள். பிறகு சட்டென்று உள்ளே நுழைந்து, வெளிச்சம் புகாமல் கதவைச் சாத்தினாள். ஈர மண்ணின் வாசனை. உரமாகப் போட்ட கம்பளி ஆலைக் கழிவின் ஆட்டு மயிர் நாற்றம். இருட்டில் நாலா பக்கமும் மொட்டுகள் உறை கிழித்து வெடிக்கும் சத்தம். டப். டப். விரலைச் சொடுக்குவது போல. பயிர் சாகவில்லை. நேற்றைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது.

முழங்காலிட்டுத் தரையைத் தொட்டாள். கதகதப்பாக இருந்தது, தூங்குகிற ஆளின் முதுகைப் போல.

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செங்கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வேறு எதை நினைப்பது?

வீட்டுக்குள் வில்ஃப் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டான்.

"கதகதப்பா இருக்கா?"

"எது?"

"கொட்டகை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா, புள்ள?" என்று சிரித்தான்.

மேபல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது. அறை முழுக்கவே அப்படித்தான் இருந்தது. ஜன்னலின் உட்பக்கம் உறைபனி படர்ந்திருந்தது. அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிலுக்கடியில் அவனுடைய பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்தாள். பத்து நாளாகப் படுக்கையை விட்டு எழாதவனின் பூட்ஸ். கேட்க நினைத்தாள். அதற்குள் எனிட் பசிக்கிறது என்று கூப்பிட்டாள்.

மறுநாள் காலை பறிப்புக்கு ஹெட்டியும் ரோடாவும் வந்தார்கள். ஹெட்டி பக்கத்துச் சந்துக்காரி, புருஷனைச் சுரங்கத்தில் பறிகொடுத்தவள். அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ரோடா அவளுடைய நாத்தனார். இவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"அடியே மேபல், கரி எங்கேடி திருடின? உண்மையச் சொல்லு" என்றாள் ஹெட்டி, கொட்டகைக்குள் நுழைந்து சால்வையை அவிழ்த்தபடி. "என் வீட்டுல நேத்து நாற்காலியோட காலை உடைச்சுப் போட்டு எரிச்சேன். இன்னிக்கு மாமியார் போட்டோவோட சட்டம். அந்தம்மா இருந்தப்போ தராத சூட்ட இப்பவாவது தரட்டுமே."

"திருடல ஹெட்டி. செங்கல்லு சூட்டப் பிடிச்சு வச்சிருக்கு."

"அப்ப அந்தச் செங்கல்லுல நாலு எனக்கும் குடு. படுக்கையில கூட வச்சுக்கறேன். என் புருஷனவிட நல்லாத்தான் இருக்கும்."

மூன்று பேரும் ஆளுக்கொரு வரிசையில் இறங்கினார்கள். நீளக் கம்பியின் நுனியில் மெழுகுவர்த்தியைக் குத்தி, கம்பியை மண்ணில் ஊன்றி, அந்தத் துளி வெளிச்சத்தில் குனிந்து பறிப்பார்கள். அதற்கு மேல் வெளிச்சம் பட்டால் தண்டு பச்சை ஏறி முற்றிவிடும். அடியில் விரலைக் கொடுத்து ஒரு திருகு, ஒரு இழுப்பு. தண்டு வேரை விட்டுச் சளக்கென்று பிரியும்.

சளக். சளக். சளக்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஹெட்டி பேச்சை நிறுத்திவிட்டாள் என்பதை மேபல் தாமதமாகத்தான் கவனித்தாள்.

"என்ன ஹெட்டி?"

"ரோடா எங்க இருக்கா?"

"இங்கதான்" என்றாள் ரோடா, ஹெட்டிக்குப் பக்கத்து வரிசையிலிருந்து.

"நீ எங்க இருக்க, மேபல்?"

"கதவுப் பக்கம். ஏன்?"

ஹெட்டி குரலைத் தாழ்த்தினாள். "அப்ப அந்தக் கடைசியில இருக்கறது யாரு?"

மேபல் நிமிர்ந்தாள். கொட்டகையின் மறுகோடியில், இருட்டின் அடிவயிற்றில், ஒரு மெழுகுவர்த்திச் சுடர் தெரிந்தது. தரையோடு நகர்ந்தது. நின்றது. குனிந்தது போலத் தணிந்தது.

சளக்.

மறுபடி நகர்ந்தது.

மேபல் எண்ணினாள். தன்னுடையது ஒன்று. ஹெட்டியுடையது. ரோடாவுடையது.

நான்கு.

"யாரது?" என்று கேட்டாள். தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

சுடர் நின்றது. மொட்டுகள் வெடிக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று. இவ்வளவு பெரிய கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"ரோடா" என்றாள் ஹெட்டி. "கையில இருக்கறதக் கீழ போடு. திரும்பிப் பாக்காம நட."

இருவரும் போய்விட்டார்கள். வெளியே பனியில் நின்றுகொண்டு ஹெட்டி கத்தினாள்: "வாடி வெளியே! பயிரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

மேபல் வெளியே வந்தாள். ஆனால் அரைமணி கழித்துத் தனியாகத் திரும்பவும் உள்ளே போனாள். லண்டன் பாதையை மட்டும் பனி வெட்டித் திறந்து வைத்திருந்தார்கள்; மூன்று மணி ரயிலுக்குப் பெட்டி போயாக வேண்டும். கோடியில் சுடர் இல்லை. அங்கே தண்டுகள் மட்டும் பறித்துக் குவிக்கப்பட்டிருந்தன, ஒரே அளவாக, நுனி எல்லாம் ஒரே பக்கமாக. மூன்று பெண்கள் ஒரு நாள் முழுக்கப் பறித்தாலும் அவ்வளவு வராது.

அவள் அவற்றைப் பெட்டியில் அடுக்கினாள். தொடவே பிடிக்கவில்லை. ஆனாலும் அடுக்கினாள்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பியதும் உடைந்த பெட்டிப் பலகையை எரித்து வில்ஃபுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆவி அடங்கியது. நூறு எண்ணுவதற்குள் தேநீரின் மேல் மெல்லிய ஆடை போல ஏதோ படிந்தது. மேபல் விரலால் தொட்டாள். விரிசல் விட்டது.

ஐஸ்.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தாள். அந்தக் குளிரில் அவள் மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது. வில்ஃப் இருமினான், பெருமூச்சு விட்டான், பேசினான். அவன் வாயிலிருந்து புகை வரவில்லை. உள்ளே சூடு இருந்தால்தானே புகை வரும்?

"வில்ஃப்" என்றாள். "என்ன பண்ணி வச்சிருக்க?"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கெசையா பெரியம்மாவப் பத்தி உனக்குச் சொன்னதில்லை" என்றான். "எங்கப்பாவோட அண்ணன் சம்சாரம். அம்பது வருஷத்துக்கு முன்னாடி, தொண்ணூத்தஞ்சாம் வருஷத்துப் பனி. அப்பவும் கரி இல்லை. ஊர்ல இருந்த கொட்டகை எல்லாம் செத்துப்போச்சு. இது மட்டும் சாகல. எப்படின்னு யாருக்கும் தெரியல. மார்ச் மாசம் எங்கப்பா வந்து வீட்டுக் கதவைத் திறந்து பாத்தா, பெரியப்பாவும் ரெண்டு பசங்களும் அடுப்பைச் சுத்தி உக்காந்திருந்தாங்க. அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்தது. மூணு பேரும் விறைச்சுப்போயிருந்தாங்க."

"அந்தம்மா?"

"காணோம். கொட்டகையில மெழுகுவர்த்தி மட்டும் எரிஞ்சுக்கிட்டிருந்ததுன்னு அப்பா சொல்வாரு. அவங்க கேட்டிருக்காங்க, மேபல். என்ன வேணாலும் எடுத்துக்கோ, சூட்ட மட்டும் குடுன்னு கேட்டிருக்காங்க. எதுகிட்ட கேட்டாங்கன்னு தெரியாது."

"நேத்து நீ கொட்டகைக்குப் போன."

"தவழ்ந்து போனேன்."

"என்ன சொன்ன?"

"பெரியம்மா, எங்கிட்டருந்து எடுத்துக்கோங்கன்னேன்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு அடுத்த குளிர்காலம் நான் இருக்கப் போறதில்ல. வீணாப் போற சூடுதானே. பயிராவது பொழைக்கட்டும். உனக்கும் புள்ளைக்கும் தலைக்கு மேல கூரை இருக்கும்."

மேபல் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். திட்டினாள். கிறுக்கா என்றாள். அவன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கன்னம் வலித்தது அந்தக் குளிரில்.

"இப்பவே போய் எல்லாத்தையும் திறந்து விடறேன்."

"நாளைக்கு ஒரு லோடு போவட்டும்" என்றான் வில்ஃப் கெஞ்சலாக. "ஒண்ணே ஒண்ணு. நாளையோட ஏஜென்ட் வாயை அடைச்சிடலாம். அப்புறம் உன் இஷ்டம்."

அவள் மறுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதை நினைத்தாள். ஆனால் அன்று அவள் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தாள். எனிட் மேஜையில் குனிந்து பழைய பேப்பரில் குதிரை வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு லோடு" என்றாள்.

மறுநாள், வியாழக்கிழமை காலை, தனியாகப் பறித்தாள். தனியாக என்று சொல்லக்கூடாது. கோடியில் அந்தச் சுடர் இருந்தது. இவள் ஒரு தண்டு இழுத்தால் அங்கே மூன்று. மேபல் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, வரிசையைப் பார்த்தே வேலை செய்தாள். சுடர் ஒவ்வொரு வரிசையாக அவளை நெருங்கி வந்தது. பறிப்பின் சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மத்தியானம் பெட்டிகளைப் பலகையில் கட்டி வைத்துவிட்டு, ஒரு வாய் சூப் குடிக்க வீட்டுக்குள் போனாள். வில்ஃபின் கட்டிலுக்குப் பக்கத்தில் எனிட் உட்கார்ந்து, அப்பாவுக்குப் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா தூங்கிட்டே கேக்கறாரு" என்றாள்.

மேபல் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு பக்கம் வாசிக்கட்டா?"

புகை இல்லை.

"வாசிக்கட்டாம்மா?"

மேபல் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். வெளியே பனியில் நிற்கும் குழாயைத் தொட்டது போல விரல் ஒட்டிக்கொண்டது.

"எனக்குக் குளிரலம்மா" என்றாள் எனிட். "காலையில குளிருச்சு. இப்ப ஒண்ணுமே தெரியல."

கட்டிலில் வில்ஃப் கண்ணைத் திறந்தான். மேபலின் முகத்தைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். எழுந்து உட்கார முயன்றான்.

"புள்ளையுமா?" குரல் உடைந்தது. "என்னுது மட்டும்னுதானே சொன்னேன். என்னுது மட்டும்னுதானே..."

மேபல் எனிட்டைப் போர்வையில் சுற்றி அடுப்பின் முன்னால் உட்கார வைத்தாள். மூலையில் இருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கதவை விரியத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தாள். பகல் வெளிச்சம் முதல் இரண்டு வரிசை வரை போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. நுழைய முடியாமல் நின்றது போல நின்றது. மேபல் உள்ளே ஓடிப் பக்கச்சுவரின் பலகையை ஓங்கி வெட்டினாள். கோடாலி பதிந்தது. இழுத்தாள். மறுபடி ஓங்கினாள்.

பின்னால் கல் உருளும் சத்தம்.

கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. சூடு நேற்றைப் போல இல்லை. கனத்துத் தோளில் வந்து உட்கார்ந்தது. மொட்டுகள் அத்தனையும் ஒன்றாக வெடித்தன. பிறகு ஒரேயடியாக அடங்கின.

"கெசையா பெரியம்மா" என்றாள் மேபல். "எம் பொண்ண விட்டுடுங்க."

எங்கோ கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு பெண் குரல் கேட்டது. கோபம் இல்லை. வெறுப்பு இல்லை. வேலை அவசரத்தில் இருக்கும் பெண்ணின் சலித்த, பொறுமையான குரல்.

"இன்னும் ஒரு வரிசைதான்."

மேபல் குரல் வந்த திசையில் கோடாலியை வீசினாள். மண்ணில் விழுந்தது. அதைத் தேடித் தவழ்ந்தாள். கைகளிலிருந்து உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. ஈரத் தண்டுகளுக்கு நடுவே துழாவியபோது ஒரு கை தட்டுப்பட்டது.

அது பறித்துக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. மேபலின் விரல்களுக்கு அடியிலேயே திருகி, இழுத்து, அடுத்ததற்கு நகர்ந்தது.

அந்தக் கை சூடாக இருந்தது.

அது வில்ஃபின் சூடு. பதினான்கு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? அதே கதகதப்பு. அதன் மேல் இன்னொன்று, சின்னது, புதுசு. காய்ச்சல் நாட்களில் எனிட்டின் நெற்றியில் கை வைத்துக் கண்டுகொள்கிற சூடு.

மேபல் அலறினாள்.

"இன்னும் ஒரு வரிசைதான்" என்றது குரல், சமாதானப்படுத்துவது போல. "முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடுவேன். பசங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

கதவு பிளந்தது. வெளிச்சத்தில் வில்ஃப் நின்றிருந்தான். சட்டையோடு, வெறுங்காலோடு. எப்படி நடந்து வந்தான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே பனியில் தள்ளினான். கீழே கிடந்த கோடாலியை எடுத்துக்கொண்டான்.

"வில்ஃப், நில்லு!"

"நீ பலகைய வெட்டிக்கிட்டிருந்தா பொழுது போயிடும்" என்றான் மூச்சிரைக்க. "நடுத்தூண்தான். கூரை மேல அஞ்சடிப் பனி நிக்குது. ரெண்டு வருஷமா அந்தத் தூணுக்கு நான்தான் முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். எங்க வெட்டணும்னு எனக்குத்தான் தெரியும்."

"நானும் வரேன்!"

"எனிட்டுகிட்ட போ, புள்ள."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தாழ் போடும் சத்தம் கேட்டது.

மேபல் கதவில் மோதினாள். கையால் அடித்தாள். உள்ளே கோடாலியின் சத்தம், நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. இடையில் அவன் குரல். பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு பேசிக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, நான் வில்ஃப். ஜோசஃபோட பையன். பறிச்சது போதும். இப்படி எம்பக்கத்துல வந்து உக்காருங்க. அந்தக் குழந்தைய விட்டுடுங்க. உக்காருங்க பெரியம்மா."

கோடாலி நின்றது.

மரம் முறியும் ஓசை கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடியது. பிறகு கூரை மொத்தமும் உட்கார்ந்தது. பனித்தூள் மேகமாக எழுந்து மேபலை மூடிற்று. அது அடங்கியபோது அங்கே கொட்டகை இல்லை. வெள்ளை மேடு ஒன்று இருந்தது.

"அம்மா!"

வீட்டு வாசலில் எனிட் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து புகை வந்தது. குபுகுபுவென்று வந்தது.

தோண்டியெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. வேலையில்லாமல் இருந்த சுரங்கத்து ஆட்கள் இருபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். வில்ஃப் நடுத்தூணின் அடியில், யாருக்கோ இடம் விட்டது போல ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வேற யாரும் இல்லையா?" என்று மேபல் கேட்டாள்.

"வேற யாரும்மா இருக்கப் போறாங்க?"

"நல்லாப் பாருங்க."

பார்த்தார்கள். யாரும் இல்லை.

வேக்ஃபீல்டிலிருந்து நடந்தே வந்த டாக்டர், வில்ஃபின் மார்பில் குழலை வைத்துக் கேட்டார். மூக்கின் முன்னால் கண்ணாடியைப் பிடித்தார். எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். பிறகு மறுபடி குனிந்து அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நாள் பனிக்கடியில் கிடந்த உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. அடக்கத்துக்குப் பாதிரியார் நாள் குறித்தும், டாக்டர் இன்னும் ஒரு நாள் பொறுங்கள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளிப்போட்டார். உடம்பு ஆறவே இல்லை. கடைசியில் அப்படியே புதைத்தார்கள். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் மேபல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கைக்கு அது இதமாக இருந்தது. அதை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

பயிர் போயிற்று. நிலமும் வீடும் ஏப்ரலில் வேறொருவருக்கு என்று ஏஜென்ட் சொல்லி அனுப்பினார். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டேன் என்று மேபல் எனிட்டைக் கூட்டிக்கொண்டு ஹெட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இருக்கற வரைக்கும் இரு" என்றாள் ஹெட்டி. "பாத்திரம் மட்டும் நீ கழுவு. எனக்கு அது பிடிக்காது. சாப்பாடு கேவலமா இருக்கும், வாயைத் திறக்கக்கூடாது." அன்றைக்குத்தான் பல நாள் கழித்து மேபல் சிரித்தாள்.

ஒரு வாரம் போயிற்று. பாதை ஓரளவு திறந்து, சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மூட்டை கரி கிடைத்தது. ஹெட்டியின் சமையலறையில் அடுப்பு செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

ஸ்டேஷன் போர்ட்டர் பெர்சி. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மீசையில் பனியோடு நின்றான்.

"துக்க வீட்டுல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்மா" என்றான் மேபலிடம். "ஒரு கையெழுத்துதான். முந்தாநாள் வாங்கல, நேத்தும் வாங்கல. ஸ்டேஷன் மாஸ்டர் சத்தம் போடறாரு."

"எதுக்குக் கையெழுத்து?"

"பெட்டிக்குத்தான். ஹெப்வொர்த், கிர்க்ஷான்னு எழுதி தினம் ஆறு பெட்டி பிளாட்பாரத்துல வந்து நிக்குதே. நான் காலையில கதவைத் திறக்கும்போதே இருக்கு. யாரை வச்சு அனுப்பறீங்க? பனியில வண்டித் தடத்தையே காணோம்." அவன் உற்சாகமாகக் கையை அகட்டிக் காட்டினான். "சரக்குன்னா அதான்மா சரக்கு. ஒவ்வொரு தண்டும் இத்தன நீளம். இந்த வருஷம் யார்க்ஷர்லயே இந்த மாதிரி பாக்கல. கூரை விழுந்தும் எப்படிம்மா?"

மேபல் மெதுவாகத் திரும்பி எனிட்டைப் பார்த்தாள். எனிட் மேஜையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டாள். நல்ல சூடு. தன் கையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதுவும் சூடுதான்.

அப்படியானால் அந்தத் தண்டுகளை வளர்க்கும் சூடு யாருடையது?

அடுப்பின் மேல் கெட்டில் குதித்துக் கொதித்துக்கொண்டிருந்தது. ஹெட்டி இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் கெட்டிலின் இரும்பு வயிற்றில் அழுத்தி ஒட்டவைத்திருந்தாள்.

"கரி சரியில்லைன்னு நினைக்கறேன்டி, மேபல்" என்றாள் திரும்பாமலே. "அரை மணி நேரமா வச்சிருக்கேன். இது சூடாகவே மாட்டேங்குது."